அமைச்சரிடம் கேட்கப்படும் வினா: பொதுச் சேவைகளும் உள்ளூர் நிதியும்

க.பொ.த. (சாதாரண தரம்) – குடியியற் கல்வி
பரீட்சை வழிகாட்டி

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• அமைச்சர்கள் பாராளுமன்றத்துக்குப் பொறுப்புக் கூறவேண்டியது ஏன் என விளக்குவீர்கள்.
• ஒரு பொதுச் சேவை எந்த ஆட்சி மட்டத்துக்கு உரியது என இனங்காண்பீர்கள்.
• பாராளுமன்ற வினாக்களின் வகைகளைப் பெயரிட்டு, சிறந்த வினாவின் இயல்புகளைக் கூறுவீர்கள்.
• ஒதுக்கீடு, விடுவிப்பு, செலவு ஆகிய மூன்றையும் வேறுபடுத்துவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, மட்டக்களப்பு வாவியின் நடுவே அமைந்த சிறிய தீவு புளியந்தீவு. பழைய கோட்டை, பாடசாலைகள், தேவாலயங்கள், கோயில்கள், கடைத்தெரு என்பன நெருக்கமாக அமைந்த நகர்ப்பகுதி அது. அங்கே ஒரு நாள் நடந்து பாருங்கள். மழைநீர் வடிந்தோடாத ஒரு வடிகான், எரியாத ஒரு தெரு விளக்கு, மருந்து வாங்கக் காத்திருக்கும் நோயாளர் வரிசை, ஆசிரியர் வெற்றிடமுள்ள ஒரு வகுப்பறை ஆகியவற்றுள் ஏதாவதொன்று உங்கள் கண்ணில் படலாம். இவை அனைத்தும் பொதுச் சேவைகளுடன் தொடர்புடையவை. மக்கள் செலுத்தும் வரிப்பணத்திலிருந்தே இவற்றுக்குரிய செலவு செய்யப்படுகின்றது.

"இதற்கு யார் பொறுப்பு? இதற்கென ஒதுக்கிய பணம் எங்கே?" என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. எனினும் நாட்டிலுள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் அமைச்சரிடம் சென்று கேட்க முடியாது. ஆகவே மக்களின் சார்பில் கேட்பதற்கென்றே பிரதிநிதிகள் தெரிவுசெய்யப்படுகின்றனர். இலங்கைப் பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களுள் 196 பேர் தேர்தல் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகின்றனர். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் மட்டக்களப்புத் தேர்தல் மாவட்டத்திலிருந்து 5 உறுப்பினர்கள் தெரிவாகினர்.

மேடைப் பேச்சுகளைக் கேட்டுப் பழகிய பலர், பாராளுமன்ற உறுப்பினர் நினைத்தால் ஒரு பாலத்தையோ வைத்தியசாலைக் கட்டடத்தையோ தந்துவிடலாம் என எண்ணுகின்றனர். அது தவறான எண்ணமாகும். அரசாங்கப் பணத்தைச் செலவிடுவதற்கான சட்டமூலத்தையோ பிரேரணையையோ அமைச்சர் ஒருவரே, அமைச்சரவையின் அங்கீகாரத்துடன் பாராளுமன்றத்தில் கொண்டுவர முடியும் (அரசியலமைப்பு, உறுப்புரை 152). சாதாரண உறுப்பினரிடம் பணம் ஒதுக்கும் அதிகாரம் இல்லை. கணக்குக் கேட்கும் அதிகாரமே உண்டு. அந்த அதிகாரத்தைச் செவ்வனே பயன்படுத்தும் வழியைத்தான் இப்பாடம் விளக்குகின்றது.

2. அமைச்சர் ஏன் விடையளிக்க வேண்டும்?

இதற்கான அடிப்படை அரசியலமைப்பிலேயே உள்ளது. பின்வரும் மூன்று உறுப்புரைகளையும் மனதிற் பதித்துக்கொள்ளுங்கள்.

உறுப்புரை 42 – அமைச்சரவை பாராளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புடையதும் பதிலளிக்கவேண்டியதுமாகும்.
உறுப்புரை 148 – பொது நிதி மீது பாராளுமன்றத்துக்கு முழுமையான கட்டுப்பாடு உண்டு.
உறுப்புரை 154 – அரசாங்கத் திணைக்களங்கள், உள்ளூராட்சி மன்றங்கள் முதலியவற்றின் கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி கணக்காய்வு செய்வார்.

வேலையைச் செய்பவர் உத்தியோகத்தர் ஆயினும், சபையில் எழுந்து நின்று விடையளிப்பவர் அமைச்சரே. ஒரு வீதித் திட்டம் தாமதமானால் அமைச்சர் பொறியியலாளர் மீது பழியைப் போட்டுவிட்டு அமர்ந்துவிட முடியாது. இதனையே "அமைச்சர் பொறுப்பு" என்கின்றோம்.

வினாவை எந்த மொழியில் கேட்கலாம்? அரசியலமைப்பின் உறுப்புரை 20 இன்படி பாராளுமன்ற உறுப்பினர் தேசிய மொழிகளான சிங்களம், தமிழ் ஆகிய இரண்டில் எதிலும் தமது கடமையைச் செய்யலாம். எனவே மட்டக்களப்பு மக்களின் குறையைத் தமிழிலேயே கேட்கலாம். அவ்வினாவும் விடையும் ஹன்சாட் எனப்படும் அதிகார அறிக்கையில் பதிவாகும்.

3. வரலாற்றுப் பின்னணி

அமைச்சர்களிடம் வினாக் கேட்கும் வழக்கம் பிரித்தானியாவில் தோன்றியது. அங்கு பதிவாகியுள்ள முதலாவது பாராளுமன்ற வினா 1721 இல் பிரபுக்கள் சபையில் கேட்கப்பட்டதாகும். தென்கடற் கம்பனி என்ற நிறுவனம் வீழ்ச்சியடைந்து மக்கள் பணத்தை இழந்திருந்த காலம் அது. நாட்டைவிட்டுத் தப்பியோடிய அக்கம்பனியின் காசாளர் பிடிபட்டுள்ளாரா என்பதே வினாவின் பொருளாகும். முதல் வினாவே பணத்தைப் பற்றியதாக அமைந்ததைக் கவனியுங்கள்.

இந்தியாவில் 1892 ஆம் ஆண்டின் இந்திய சபைகள் சட்டம் சட்டசபை உறுப்பினர்களுக்கு வினாக் கேட்கும் உரிமையை வழங்கியது. 1893 பெப்ரவரியில் கேட்கப்பட்ட முதலாவது வினா, சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குப் பொருள்கள் கொடுக்கவேண்டியிருந்ததால் கிராமக் கடைக்காரர்கள் படும் இன்னல் பற்றியதாகும். பெரிய அரசை நோக்கி எழுந்த முதல் வினா ஒரு கிராமக் கடைக்காரரின் துன்பத்தைப் பேசியது.

இலங்கையில் 1833 இல் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டது. அதில் உத்தியோகத்தர்களே பெரும்பான்மையினர். 1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1947 இல் சோல்பரி அரசியலமைப்பின் கீழ் பாராளுமன்றமும், அதற்குப் பொறுப்புக் கூறும் அமைச்சரவையும் ஏற்பட்டன.

மட்டக்களப்புக்கு இங்கே ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1956 இல் மட்டக்களப்பின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான செ. இராசதுரை, மட்டக்களப்பு மாநகர சபையின் முதலாவது மேயராகவும் விளங்கினார். 1979 இல் அரசாங்கத்துடன் இணைந்து பிரதேச அபிவிருத்தி அமைச்சரானார். ஒரே மனிதர் நகர சேவைகளை நடத்துபவராகவும், வினாக் கேட்கும் ஆசனத்தில் இருந்தவராகவும், விடையளிக்கும் ஆசனத்தில் இருந்தவராகவும் இருந்திருக்கின்றார். ஆள் ஒருவரே ஆயினும் ஒவ்வொரு பதவியிலும் அதிகாரம் வேறு, பொறுப்பு வேறு என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

4. யாரிடம் கேட்பது?

வினா தவறான இடத்துக்குச் சென்றால் "இது எனது அமைச்சுக்குரிய விடயமன்று" என்ற ஒரே வரியில் விடை முடிந்துவிடும். எனவே ஒரு சேவை எந்த மட்டத்துக்குரியது என்பதை முதலில் அறியவேண்டும். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தமும் அதே ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் அதிகாரங்களைப் பகிர்ந்தன. அரசியலமைப்பின் 9 ஆம் அட்டவணையில் மூன்று நிரல்கள் உள்ளன: மாகாண சபை நிரல், மத்திக்கு ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல்.

மத்திய அரசாங்கம்
• போதனா வைத்தியசாலைகள் (உ-ம்: மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை)
• தேசிய பாடசாலைகள்
• "ஏ", "பி" தர வீதிகள் (வீதி அபிவிருத்தி அதிகார சபை)
• குடிநீர் வழங்கல் (தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை)

மாகாண சபை
• மாகாணப் பாடசாலைகள்
• பிரதேச வைத்தியசாலைகள்
• "சி", "டி" தர வீதிகள்

உள்ளூராட்சி மன்றம் (மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை)
• உள் வீதிகள், ஒழுங்கைகள், அவற்றின் வடிகான்கள்
• தெரு விளக்கு, குப்பை அகற்றல்
• பொதுச் சந்தை, பொது நூலகம், மயானம்

மட்டக்களப்பு மாவட்டத்தில் 1 மாநகர சபை, 2 நகர சபைகள் (காத்தான்குடி, ஏறாவூர்), 9 பிரதேச சபைகள் ஆக 12 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. புளியந்தீவு மாநகர சபை எல்லைக்குள் வருகின்றது.

மாணவர் அடிக்கடி விடும் பிழை: பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றென எழுதுவர். பிரதேச சபை மக்களால் தெரிவுசெய்யப்படும் மன்றமாகும். பிரதேச செயலகம் மத்திய அரசின் நிருவாக அலுவலகமாகும். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. புளியந்தீவு மண்முனை வடக்கு பிரிவுக்குரியது.

இங்கே ஒரு முக்கிய பிரச்சினையையும் அறிந்துகொள்ளுங்கள். கிழக்கு மாகாண சபைக்கு 2008 மே மாதத்திலும் 2012 செப்டெம்பரிலும் தேர்தல்கள் நடைபெற்றன. 37 உறுப்பினர்களைக் கொண்ட அச்சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் இறுதியில் முடிவடைந்தது. அதன்பின் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடத்தப்படாமல் ஆளுநரின் கீழ் நிருவாகம் நடைபெற்றது. மாகாணப் பாடசாலையில் ஆசிரியர் இல்லை என்றால் மாகாணக் கல்வி அமைச்சரிடம் வினாக் கேட்க, தெரிவுசெய்யப்பட்ட மாகாண சபை உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. விடையளிக்க அமைச்சரும் இருக்கவில்லை. தேர்தல் நடைபெறாதபோது மக்கள் இழப்பது ஆசனங்களை மட்டுமல்ல, கேள்வி கேட்கும் வாயையும் ஆகும்.

5. பாராளுமன்ற வினாக்களின் வகைகள்

பாராளுமன்ற நடவடிக்கைகள் நிலையியற் கட்டளைகளின்படி நடைபெறுகின்றன. தற்போதுள்ள நிலையியற் கட்டளைகள் 2018 இல் நடைமுறைக்கு வந்தன.

(அ) வாய்மூல விடைக்கான வினா – உறுப்பினர் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். அவ்வினா ஒழுங்குப் பத்திரத்தில் அச்சிடப்படும். குறித்த நாளில் அமைச்சர் சபையில் விடையளிப்பார்.
(ஆ) எழுத்துமூல விடைக்கான வினா – நீண்ட புள்ளிவிபரங்கள் தேவைப்படும்போது பொருத்தமானது.
(இ) மேலதிக வினா – அமைச்சரின் வாய்மூல விடையைத் தெளிவுபடுத்தும் பொருட்டு அவ்விடத்திலேயே கேட்கப்படுவது. அமைச்சர் தமது விடயத்தை அறிந்துள்ளாரா என்பதை இதுவே வெளிப்படுத்தும்.
(ஈ) நிலையியற் கட்டளை 27(2) இன் கீழான வினா – அவசர பொதுமுக்கியத்துவம் வாய்ந்த விடயம் பற்றிக் கட்சித் தலைவர்களால் கேட்கப்படுவது.

ஒரு வினாவை ஏற்பதா இல்லையா எனத் தீர்மானிப்பவர் சபாநாயகர் ஆவார். தகவல் பெறுவதே வினாவின் நோக்கமாக இருக்கவேண்டும். வாதம், ஊகம், ஏளனம் என்பன இருக்கக்கூடாது. நீதிமன்றத்தில் விசாரணையிலுள்ள விடயத்தைக் கேட்கக்கூடாது. குறித்த அமைச்சரின் பொறுப்புக்குள் வருவதையே கேட்கவேண்டும்.

6. நல்ல வினா எவ்வாறு அமையும்?

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையை படுவான்கரை என்றும் அழைப்பர். இரு கரைகளையும் இணைக்கும் பாலங்கள் சிலவே. மண்முனைத்துறையில் ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை, மக்கள் அங்கே "பாதை" எனப்படும் மிதவைப் படகிலேயே வாவியைக் கடந்தனர். மாரிகாலத்தில் வாவி பெருகும்போது இவ்வாறான படகுப்பாதையை நம்பியிருக்கும் மாணவரும் நோயாளரும் படும் சிரமத்தை நீங்கள் அறிவீர்கள். இதுபற்றி ஓர் உறுப்பினர் வினா எழுப்புவதாக வைத்துக்கொள்வோம். கீழே தரப்படும் இரு வினாக்களும் விளக்கத்துக்காக எழுதப்பட்ட மாதிரிகளாகும்.

மாதிரி 1:
"படுவான்கரை மக்களை ஆண்டாண்டு காலமாகப் புறக்கணித்துவரும் இந்த அரசாங்கம் எப்போது கண் திறக்கும் என அமைச்சர் கூறுவாரா?"

மாதிரி 2:
"வீதி அபிவிருத்திக்குப் பொறுப்பான அமைச்சரைக் கேட்பதற்கு,
(அ) (i) மட்டக்களப்பு மாவட்டத்தில் வாவியைக் கடப்பதற்குச் சேவையிலுள்ள படகுப்பாதைகள் எத்தனை என்பதையும்;
(ii) அவை ஒவ்வொன்றையும் நடத்தும் நிறுவனம் யாது என்பதையும்;
(iii) கடந்த மூன்று ஆண்டுகளில் அவற்றின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்ட, விடுவிக்கப்பட்ட, செலவிடப்பட்ட தொகைகள் ஆண்டு வாரியாகத் தனித்தனியே எவ்வளவு என்பதையும்
அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?
(ஆ) (i) அத்துறைகளுள் பாலம் அமைப்பதற்கெனச் சாத்தியவள ஆய்வு செய்யப்பட்டவை எவை என்பதையும்;
(ii) அவ்வேலைகள் ஆரம்பிக்கப்படும் திகதிகள் யாவை என்பதையும்
அவர் அறிவிப்பாரா?
(இ) இன்றேல், ஏன்?"

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவதில் உணர்ச்சி இருக்கின்றது; தகவல் கேட்கப்படவில்லை. அது வாதமாக அமைவதால் ஏற்கப்படாமலும் போகலாம். ஏற்கப்பட்டாலும் "நாம் எவரையும் புறக்கணிக்கவில்லை" என்று கூறிவிட்டு அமைச்சர் அமர்ந்துவிடுவார். இரண்டாவதில் ஒவ்வோர் உறுப்புக்கும் எண், பெயர், தொகை, திகதி என்ற வடிவில் விடை வேண்டும். மழுப்ப இடமில்லை. "இன்றேல், ஏன்?" என்ற கடைசி வரி மிகச் சிறியது, ஆனால் அமைச்சர் செய்யாமல் விட்டதற்கும் காரணம் சொல்லவேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகின்றது. ஹன்சாட்டைப் புரட்டினால் இந்த வரியைப் பல இடங்களில் காண்பீர்கள்.

7. பணத்தைப் பின்தொடர்தல்

இலங்கையின் நிதியாண்டு சனவரி 1 முதல் திசெம்பர் 31 வரையாகும். ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பின்போது நிதி அமைச்சர் வரவு செலவுத் திட்ட உரையை நிகழ்த்துவார். அதன்பின் குழுநிலை விவாதத்தில் ஒவ்வோர் அமைச்சின் செலவினத் தலைப்பும் தனித்தனியே ஆராயப்படும். உறுப்பினர்கள் தமது மாவட்டத்துக்குரிய தேவைகளைச் சுட்டிக்காட்டவும் அமைச்சர்களிடம் விளக்கம் கோரவும் இதுவே உகந்த வேளையாகும். மாகாணங்களின் தேவைகளை மதிப்பிட்டு நிதிப் பகிர்வு பற்றிச் சிபாரிசு செய்வது நிதி ஆணைக்குழுவின் பணியாகும்.

1974 இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் அறிமுகப்படுத்தப்பட்டது. உறுப்பினர்கள் தமது பகுதிக்குரிய சிறு வேலைகளை முன்மொழிய இது வழிசெய்தது. எனினும் அதன்கீழும் பணத்தைக் கையாள்பவர்கள் அரசாங்க உத்தியோகத்தர்களே.

இங்கே நீங்கள் தெளிவாக விளங்கவேண்டிய மூன்று சொற்கள் உள்ளன.

ஒதுக்கீடு – இவ்வளவு பணம் இவ்வேலைக்கென்று பாராளுமன்றம் அனுமதிப்பது.
விடுவிப்பு – அப்பணத்தைத் திறைசேரி உரிய நிறுவனத்துக்குக் கொடுப்பது.
செலவு – அந்நிறுவனம் வேலையை முடித்துப் பணத்தைச் செலுத்துவது.

"பத்துக் கோடி ஒதுக்கப்பட்டது" என்று பத்திரிகையில் செய்தி வந்தால் பாலம் வந்துவிட்டதென மக்கள் மகிழ்கின்றனர். உண்மையில் அது முதற்படி மட்டுமே. வீட்டிலே அரிசி வாங்க அப்பா பணம் ஒதுக்கிவைத்திருக்கலாம். அது அம்மாவின் கைக்கு வந்து, கடையில் அரிசியாக மாறும்வரை உலை கொதிக்காது.

இதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. 2023 மார்ச் 9 ஆம் திகதி நடத்தத் திட்டமிடப்பட்ட உள்ளூராட்சித் தேர்தலுக்கென 2023 வரவு செலவுத் திட்டத்தில் 10 பில்லியன் ரூபா, அதாவது 1,000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் போதிய பணம் தேர்தல் ஆணைக்குழுவுக்கு விடுவிக்கப்படாமையால் தேர்தல் பிற்போடப்பட்டது. ஒதுக்கப்பட்ட பணத்தைத் தடுத்துவைக்கக்கூடாது என உயர் நீதிமன்றம் 2023 மார்ச் 3 ஆம் திகதி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பின்னர் 2024 ஆகஸ்ட் 22 இல் வழங்கிய தீர்ப்பில், உரிய காலத்தில் தேர்தல் நடத்தத் தவறியமையால் மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டுள்ளன எனத் தீர்மானித்தது. தேர்தல் 2025 மே 6 இலேயே நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மட்டக்களப்பு மாநகர சபை உட்பட நாட்டின் ஏறத்தாழ எல்லா உள்ளூராட்சி மன்றங்களும் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இன்றி உத்தியோகத்தர்களால் நடத்தப்பட்டன.

எனவே "எவ்வளவு ஒதுக்கினீர்கள்?" என்று மட்டும் கேட்கும் உறுப்பினர் பாதி வினாவையே கேட்கின்றார். "எவ்வளவு விடுவித்தீர்கள்? எவ்வளவு செலவாயிற்று? மீதி எங்கே?" என்பதே முழு வினாவாகும்.

8. வினாவின் பலமும் எல்லையும்

பலம்: ஒரு வினா எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இந்தியாவின் முந்திரா விவகாரம் சிறந்த சான்றாகும். அரசுக்குச் சொந்தமான ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம், ஹரிதாஸ் முந்திரா என்ற வணிகரின் கம்பனிகளின் பங்குகளை வாங்கியது பற்றி 1957 செப்டெம்பரில் மக்களவையில் ராம் சுபக் சிங் வினா எழுப்பினார். அதே ஆண்டு திசெம்பரில் பெரோஸ் காந்தி அவ்விடயத்தை விரிவாக எழுப்பினார். அவர் ஆளும் கட்சி உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகன். நீதியரசர் எம். சி. சக்லா தலைமையில் விசாரணை நடந்தது. 1958 பெப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். வினாக் கேட்பது எதிர்க்கட்சியின் வேலை மட்டுமே என்ற எண்ணம் தவறு என்பதற்கும் இது உதாரணமாகும்.

எல்லை: வினா எப்போதும் வெற்றி பெறுவதில்லை.
• "விடையளிக்க இரண்டு வார காலம் தேவை" என அமைச்சர் அவகாசம் கோரலாம். அவகாசம் முடிந்ததும் உறுப்பினர் மீண்டும் கேட்காவிடின் விடயம் மறக்கப்பட்டுவிடும்.
• விடையைச் சபாபீடத்தில் சமர்ப்பிப்பதாகக் கூறி அமைச்சர் அமர்ந்துவிட்டால், அதனை வாசித்து அடுத்த வினாவைத் தயாரிப்பது உறுப்பினரின் பொறுப்பாகும்.
• விடை கிடைப்பதும் வேலை நடப்பதும் ஒன்றல்ல. அமைச்சர் திகதி கூறியிருந்தால், அத்திகதி கடந்தபின் அதே ஹன்சாட் பக்கத்தைக் காட்டிக் கேட்கலாம்.

பாதுகாப்பு: உறுப்பினர் அச்சமின்றிப் பேசவேண்டும் என்பதற்காகவே 1953 ஆம் ஆண்டின் பாராளுமன்ற (அதிகாரங்களும் சிறப்புரிமைகளும்) சட்டம் ஆக்கப்பட்டது. சபையில் பேசியதற்காக எந்த நீதிமன்றத்திலும் உறுப்பினர்மீது வழக்குத் தொடர முடியாது. எனினும் அச்சட்டத்தின் பாதுகாப்பு சபை மண்டபத்தின் வாயிலைக் கடந்து வருவதில்லை. 1990 முதல் 2004 வரை மட்டக்களப்பு மாவட்டத்தைப் பிரதிநிதித்துவம் செய்து, பின்னர் தேசியப் பட்டியல் உறுப்பினராகவும் இருந்த ஜோசப் பரராஜசிங்கம், 2005 திசெம்பர் 25 ஆம் திகதி நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது புளியந்தீவு புனித மரியாள் பேராலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்களின் பிரதிநிதி உயிரச்சமின்றி வாழும் நாட்டில்தான் சிறப்புரிமைக்கு முழுப் பொருள் உண்டு.

9. வினா நேரத்துக்கு அப்பால்

• அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு (கோபா): அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபைகள், உள்ளூராட்சி மன்றங்கள் ஆகியவற்றின் கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் உதவியுடன் ஆராயும்.
• அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு (கோப்): கூட்டுத்தாபனங்கள், நியதிச்சட்ட சபைகள் முதலியவற்றை ஆராயும்.
• பொது மனுக்கள் பற்றிய குழு: தனிமனிதர் தமக்கு நேர்ந்த அநீதி பற்றி ஓர் உறுப்பினர் ஊடாக மனுச் சமர்ப்பிக்கலாம்.
• மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு: மாவட்டத்தின் அபிவிருத்தி வேலைகள் பற்றி அரசியற் பிரதிநிதிகளும் உத்தியோகத்தர்களும் கூடி ஆராயுமிடம்.

இவை யாவும் பிரதிநிதிகள் ஊடாகச் செல்லும் வழிகள். பிரஜைகள் நேராகக் கேட்பதற்கும் ஒரு வழி உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓர் அரசாங்க நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுத்தால், தகவலை வழங்குவதா இல்லையா என அவர் 14 வேலை நாள்களுக்குள் தீர்மானிக்கவேண்டும். உங்கள் ஒழுங்கையின் வடிகானுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்று உங்கள் பெற்றோரே மாநகர சபையிடம் கேட்கலாம்.

10. நினைவிற் கொள்க

• உறுப்பினருக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் இல்லை. கணக்குக் கேட்கும் அதிகாரம் உண்டு.
• முதலில் மட்டத்தை அறிக: மத்தி, மாகாணம், உள்ளூராட்சி.
• நல்ல வினா எண், பெயர், தொகை, திகதி ஆகியவற்றை வேண்டி நிற்கும்.
• ஒதுக்கீடு, விடுவிப்பு, செலவு மூன்றும் வெவ்வேறு.
• ஒரு வினா போதாது. தொடர்ந்து கேட்பதே பலன் தரும்.

11. மாதிரி வினாவும் விடையும்

வினா: "பாராளுமன்ற வினாக்கள் பொறுப்புக் கூறலை உறுதிப்படுத்துகின்றன." இக்கூற்றை இரு காரணங்களுடன் விளக்குக.

விடை: பாராளுமன்ற வினாக்கள் பொறுப்புக் கூறலை இரு வழிகளில் உறுதிப்படுத்துகின்றன. முதலாவதாக, அரசியலமைப்பின் உறுப்புரை 42 இன்படி அமைச்சரவை பாராளுமன்றத்துக்குப் பதிலளிக்கவேண்டும். வினா எழுப்பப்படும்போது துறைக்குப் பொறுப்பான அமைச்சர் சபையில் விடையளிக்கின்றார். அவ்விடை ஹன்சாட்டில் பதிவாவதால் பின்னர் அதனை மறுக்க முடியாது. இரண்டாவதாக, பொது நிதி ஒதுக்கப்பட்டவாறு செலவிடப்பட்டதா என்பதை வினாக்கள் வெளிக்கொணர்கின்றன. உதாரணமாக 1957 இல் இந்திய மக்களவையில் எழுப்பப்பட்ட வினா விசாரணைக்கு வழிவகுத்து, நிதியமைச்சர் பதவி விலகக் காரணமாயிற்று.

கவனிக்க: காரணம், அதற்கான சட்ட அடிப்படை, உதாரணம் என்ற ஒழுங்கில் எழுதினால் விடை முழுமை பெறும். காரணத்தை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள்.

12. பயிற்சி

1. புளியந்தீவின் ஓர் உள் வீதியில் தெரு விளக்கு எரியவில்லை. இதற்குப் பொறுப்பான நிறுவனம்
(1) மாவட்டச் செயலகம் (2) மாநகர சபை (3) மாகாண சபை (4) பிரதேச செயலகம்

2. பொது நிதி மீதான பாராளுமன்றத்தின் கட்டுப்பாட்டைக் கூறும் உறுப்புரை
(1) 20 (2) 42 (3) 148 (4) 154

3. அமைச்சரின் வாய்மூல விடையைத் தெளிவுபடுத்த அவ்விடத்திலேயே கேட்கப்படுவது
(1) எழுத்துமூல வினா (2) மேலதிக வினா (3) பொது மனு (4) பிரேரணை

4. பாராளுமன்றம் அனுமதித்த பணத்தைத் திறைசேரி உரிய நிறுவனத்துக்குக் கொடுப்பது
(1) ஒதுக்கீடு (2) விடுவிப்பு (3) செலவு (4) கணக்காய்வு

5. பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் இடையிலான இரு வேறுபாடுகளை எழுதுக.

6. உங்கள் ஊரிலுள்ள பொதுச் சேவைக் குறைபாடு ஒன்றைத் தெரிவுசெய்க. (அ) அது எந்த மட்டத்துக்குரியது? (ஆ) உரிய அமைச்சரிடமோ மன்றத்தின் தவிசாளரிடமோ கேட்கத்தக்க மூன்று உறுப்புகள் கொண்ட வினாவொன்றை அமைக்க. கடைசி உறுப்பு "இன்றேல், ஏன்?" என அமையட்டும்.

விடைகள்: 1 – (2), 2 – (3), 3 – (2), 4 – (2). ஐந்தாம் வினாவுக்குப் பகுதி 4 ஐயும், ஆறாம் வினாவுக்குப் பகுதி 6 ஐயும் மீண்டும் வாசிக்க.

மாணவர்களே, ஆறாம் பயிற்சியைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் வாக்காளராவீர்கள். வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருபவரிடம் "என்ன தருவீர்கள்?" என்று கேட்பதை விட, "எங்களுக்காக யாரிடம், என்ன கேட்பீர்கள்?" என்று கேட்கும் வாக்காளரே மக்களாட்சிக்குத் தேவையானவர்.